செம்பின் பெயரில் எட்டு ஆண்டுகள்: ஜப்பானின் வாடோ காலமும் பேரரசி கென்மெய்யும்

ஜப்பான் அரச குடும்பத்தைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் இரண்டு தகவல்கள் சேர்ந்தே வருகின்றன. இப்போதைய சட்டப்படி அங்கே பெண் அரியணை ஏற முடியாது என்பது ஒன்று. அந்நாட்டு வரலாற்றில் எட்டுப் பெண்கள் பேரரசர்களாக இருந்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான், அதனால்தான் குழப்பம். அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு ஏன் முடியவில்லை? அந்த எட்டுப் பேரும் நிஜமாகவே ஆண்டார்களா, இல்லை யாரோ ஒரு பையன் வளரும்வரை இடம் பிடித்து வைத்திருந்தார்களா?

எட்டுப் பேரையும் ஒன்றாகப் போட்டுப் பேசினால் தெளிவு வராது. ஒரே ஒரு காலத்தை எடுத்துக்கொள்வோம். 708 முதல் 715 வரை ஜப்பானியர் தங்கள் ஆண்டுகளை "வாடோ 1" முதல் "வாடோ 8" வரை எண்ணினார்கள். அப்போது அரியணையில் இருந்தவர் பேரரசி கென்மெய்.

சகாப்தப் பெயர் என்றால் என்ன?

2025-ஆம் ஆண்டு ஜப்பானில் "ரெய்வா 7". அரசு விண்ணப்பம், ஓட்டுநர் உரிமம், நாணயம் என எல்லாவற்றிலும் இந்த எண்ணிக்கை புழங்குகிறது. ரெய்வா என்பது ஒரு சகாப்தப் பெயர். ஜப்பானிய மொழியில் "கெங்கோ". சீனாவிலிருந்து வந்த வழக்கம் இது. மூன்று விஷயங்களை முதலில் பிரித்துப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது.

1. முதல் சகாப்தப் பெயர் 645-இல் வந்த "டைகா". அப்புறம் விட்டுவிட்டு வந்தது. இடைவெளியே இல்லாமல் தொடர்வது 701-லிருந்துதான். ரெய்வா 248-ஆவது பெயர்.

2. ஒரு பேரரசருக்கு ஒரு பெயர் என்ற விதி 1868-க்குப் பிறகு வந்தது. அதற்கு முன் ஒரே ஆட்சியில் பெயர் பல முறை மாறும். கென்மெய் அரியணை ஏறியது 707-இல். வாடோ தொடங்கியது அடுத்த ஆண்டு. ஆட்சி வேறு, சகாப்தம் வேறு.

3. பெயர் வெறும் அடையாளம் அல்ல, ஓர் அறிவிப்பு. "வானும் மண்ணும் இந்த ஆட்சியை ஏற்றுக்கொண்டன" என்று ஊருக்குச் சொல்லும் வழி. வெள்ளைப் பறவை, அதிசய ஆமை, நல்ல சகுனமான மேகம் என எது தென்பட்டாலும் பெயர் மாறியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 701-இல் "டைஹோ", அதாவது பெரும் செல்வம், என்று பெயர் வைத்ததற்குக் காரணம் சுஷிமா தீவிலிருந்து தங்கம் வந்ததாம். அது மோசடி என்று பிறகு தெரிந்தது. 797-இல் முடிக்கப்பட்ட அரசு வரலாற்று நூலான "ஷொக்கு நிஹோங்கி"யே இதை ஒளிக்காமல் குறித்து வைத்திருக்கிறது. தங்கம் பொய்யானாலும் பெயர் நின்றுவிட்டது.

சிச்சிபுவில் கிடைத்த செம்பு

708-இன் தொடக்கத்தில் முசாஷி மாநிலத்தின் சிச்சிபு பகுதியிலிருந்து அரசவைக்குச் செம்பு வந்து சேர்ந்தது. இன்றைய சைதாமா மாவட்டம், டோக்கியோவுக்கு வடமேற்கே மலைப்பாங்கான இடம். வந்தது தாதுக்கல் அல்ல, உருக்கிப் பிரிக்கத் தேவையில்லாத இயற்கைச் செம்பு. அந்தச் செம்பைக் குறிக்கும் எழுத்துகள்தான் "வாடோ".

பேரரசியின் ஆணை உடனே வந்தது. வானத்தின் தெய்வமும் மண்ணின் தெய்வமும் சேர்ந்து அருளிய செல்வம் இது. ஆகவே சகாப்தத்தின் பெயரை மாற்றுகிறோம். கூடவே பொது மன்னிப்பு, முதியவர்களுக்குத் தானியம், முசாஷி மக்களுக்கு அந்த ஆண்டின் வரியில் சலுகை. சிச்சிபு பகுதிக்குச் சலுகை இன்னும் கொஞ்சம் கூடுதல்.

இன்றைக்கும் அங்கே குரோயா என்ற இடத்தில் ஹிஜிரி கோவில் இருக்கிறது. செம்பால் செய்த இரண்டு பூரான்களைப் பேரரசி அளித்தார் என்பது கோவில் மரபு. பூரானுக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்? ஜப்பானியப் பேச்சுவழக்கில் காசுக்கு "கால்" என்றொரு பெயர் உண்டு. நூறு கால் உள்ள பூரான் என்றால் வரவு எப்படி இருக்கும்! பணம் பெருக வேண்டிக்கொள்பவர்கள் இப்போதும் அங்கே போகிறார்கள். பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரிலேயே வாடோ இருக்கிறது.

ஆனால் ஒரு சகுனத்தைக் கொண்டாடிவிட்டு அரசு சும்மா இருக்கவில்லை. செம்பு வந்த மறுமாதமே காசு அச்சடிக்க அதிகாரி நியமிக்கப்பட்டார். அதே மாதத்தில் புதிய தலைநகர் கட்டும் ஆணையும் வந்தது. இந்த இரண்டும் ஒரே மாதத்தில் வந்ததைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரியணையில் இருந்தவர் யார்?

கென்மெய் 661-இல் பிறந்தவர். தந்தை பேரரசர் டென்ஜி. கணவர் இளவரசர் குசகாபே. அந்தக் குசகாபே யாருடைய மகன்? பேரரசர் டென்முவுக்கும் பேரரசி ஜிட்டோவுக்கும் பிறந்தவர். ஜிட்டோவோ கென்மெய்யின் அக்காள். தந்தை ஒருவர், தாய்மார் வேறு. ஆக அக்காளே மாமியார். அரச குடும்பத்துக்குள்ளேயே மணம் முடிப்பது அன்றைய வழக்கம் என்பதால் ஜப்பானியருக்கு இது விசித்திரமாகத் தெரியவில்லை.

அரியணை கைமாறிய வரிசை இது:

1. குசகாபே பட்டத்துக்கு வராமலேயே 689-இல் இறந்தார். தாய் ஜிட்டோ 690-இல் முறைப்படி அரியணை ஏறினார்.

2. 697-இல் ஜிட்டோ தன் பேரன் மொம்முவுக்கு விட்டுக்கொடுத்தார். மொம்மு, குசகாபேக்கும் கென்மெய்க்கும் பிறந்த மகன். அப்போது வயது 15 கூட நிறையவில்லை.

3. 707-இல் மொம்மு தன் 25-ஆவது வயதில் இறந்தார். அவருடைய மகன் ஒபிட்டோ 701-இல் பிறந்த சிறுவன்.

4. மொம்முவின் தாய் கென்மெய் அரியணை ஏறினார். மகனுக்குப் பிறகு தாய் பட்டம் ஏறுவது அதுவரை நடந்ததே இல்லை.

நடக்காத ஒன்றை நடத்திக்காட்ட நியாயம் தேவைப்பட்டது. தன் முதல் ஆணையில் கென்மெய், தன் தந்தை டென்ஜி வகுத்த "மாறாத நிலைச் சட்டம்" ஒன்றைச் சொல்கிறார். அந்தச் சட்டம் எது என்று வரலாற்றாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் ஆண்டில் அவர் நிம்மதியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. "மன்யோஷூ" என்னும் பழைய பாடல் தொகுப்பில், வாடோ முதல் ஆண்டில் அவர் பாடிய சிறு பாடல் இருக்கிறது. வீரர்களின் மணிக்கட்டுக் காப்பில் வில்நாண் படும் ஓசை கேட்கிறது, தளபதி கேடயங்களை நிறுத்துகிறார் போலும் என்கிறது பாடல். பொருள் அவ்வளவுதான். ஆனால் அதற்கு அவருடைய அக்காள் மினாபே சொன்ன பதிலைப் படித்தால் விஷயம் புரியும்: கவலைப்படாதீர்கள் அரசே, நான் இல்லையா? வில்நாண் ஓசையைக் கேட்டுக் கலங்கியவருக்குச் சொன்ன ஆறுதல் அது.

செம்பு காசானது எப்படி?

வாடோ காலத்தின் மிகச் சுவையான பகுதி இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

காசின் பெயர் "வாடோ கைச்சின்". குறுக்களவு சுமார் 24 மில்லிமீட்டர். நடுவில் சதுர ஓட்டை, சுற்றிலும் நான்கு எழுத்துகள். சீனத்தின் தாங் அரசு 621-இல் வெளியிட்ட காசுதான் மாதிரி. கடைசி எழுத்தை எப்படி வாசிப்பது என்பதில் சண்டை உண்டு. "வாடோ கைஹோ" என்பவர்களும் இருக்கிறார்கள்.

ஜப்பானின் முதல் காசு இதுதான் என்று பல காலம் பள்ளிப் புத்தகங்கள் சொல்லிக்கொடுத்தன. 1990-களின் இறுதியில் அசுகா பகுதியில் நடந்த அகழாய்வில் "ஃபுஹோன்சென்" என்னும் 7-ஆம் நூற்றாண்டுக் காசுகளும் அவற்றை வார்த்த பட்டறையும் வெளிப்பட்டன. அந்தப் பாடத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. ஆனாலும் பரவலாகப் புழங்க வேண்டும் என்று அரசு முழு மூச்சாக முயன்ற முதல் காசு வாடோ கைச்சின்தான்.

708-இன் ஐந்தாம் மாதம் முதலில் வந்தது வெள்ளிக் காசு. செம்பு கிடைத்ததென்று பெயர் வைத்துவிட்டு வெள்ளியா? காரணம் இருக்கிறது. மக்கள் ஏற்கெனவே வெள்ளித் துண்டுகளை மதிப்புள்ள பொருளாகக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். செம்புத் துண்டைப் பணம் என்று சொன்னால் யாரும் சட்டென்று நம்ப மாட்டார்கள், வெள்ளியை நம்புவார்கள். எட்டாம் மாதம் செம்புக் காசு வந்தது. அடுத்த ஆண்டே வெள்ளிக் காசை நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். மக்களைச் செம்புக்குப் பழக்கும்வரை வெள்ளி ஒரு படிக்கட்டாக உதவியது.

அரசுக்கு இதில் என்ன லாபம்? காசில் இருக்கும் செம்பின் விலையைவிடக் காசின் மதிப்பை அரசு அதிகமாக நிர்ணயிக்கலாம். 711-இல் வந்த ஆணை ஒரு காசுக்கு 6 ஷோ தானியம் என்றது. ஷோ என்பது ஒரு முகத்தல் அளவு. அன்றைய ஷோ இன்றையதைவிடச் சிறியது. இருந்தாலும் ஒரு சின்னச் செம்பு வில்லைக்கு அது பெரிய விலை. இடையிலுள்ள வித்தியாசம் முழுவதும் அரசின் வரவு.

சரி, நெல்லும் துணியும் கொடுத்து வாங்கிப் பழகிய ஊரில் காசை எப்படி ஓட வைப்பது? வாடோ அரசு செய்த முயற்சிகளை வரிசையாகப் பார்த்தால் அதன் தவிப்பு தெரியும்.

1. பதவி ஆசை காட்டியது. 711-இன் பத்தாம் மாதச் சட்டப்படி, கீழ்நிலை அதிகாரி ஒருவர் 10,000 காசு சேர்த்தால் ஒரு படி உயர்வு. 20,000 என்றால் இரண்டு படி. அடுத்தவரிடம் கடன் வாங்கிக் கணக்குக் காட்டினால் காசு பறிமுதல், ஓராண்டுக் கட்டாய உழைப்பு. கடன் கொடுத்தவருக்கும் அதே தண்டனை.

2. பயமுறுத்தியது. கள்ளக் காசு வார்த்தவனுக்குத் தலை போகும், உடந்தையானவர் அரசின் அடிமையாவார், குடும்பம் நாடு கடத்தப்படும். செம்பின் விலைக்கும் காசின் மதிப்புக்கும் அவ்வளவு இடைவெளி வைத்துவிட்டால் கள்ளக் காசு வராமல் என்ன செய்யும்?

3. மக்கள் நல்ல காசு, கெட்ட காசு என்று பொறுக்கத் தொடங்கினார்கள். 714-இல் அதற்கும் தடை வந்தது. அரசின் காசு என்று தெரிந்தும் வாங்க மறுத்தால் பிரம்படி. கள்ளக் காசு என்றால் விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே நின்று உடைத்து, சந்தை அதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும்.

சேமித்தால் பதவி என்ற முதல் சட்டம் எனக்குக் கொஞ்சம் தலைகீழாகத் தெரிகிறது. காசு ஊரெல்லாம் புழங்க வேண்டும் என்று நினைக்கும் அரசே, அதை மூட்டை கட்டிச் சேர்க்கச் சொல்கிறது. சேர்ந்த காசு அரசிடமே திரும்பி வந்தால்தான் அது கூலியாக மறுபடி வெளியே போகும் என்பது அவர்கள் போட்ட கணக்காக இருக்கலாம். அந்தச் சட்டம் 800-இல் கைவிடப்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசுக்கான செம்பு முழுவதும் சிச்சிபுவிலிருந்து வரவில்லை. மேற்கே நகாட்டோ மாநிலத்தில் வாடோ கைச்சின் வார்த்த அச்சுகள் கிடைத்திருக்கின்றன. அந்தப் பகுதியின் சுரங்கங்கள்தான் பெரும் ஆதாரம். சகாப்தத்துக்குப் பெயர் கொடுத்தது சிச்சிபு, சரக்குக் கொடுத்தது பெரும்பாலும் மேற்கு.

தலைநகரும் கூலியும்

அதுவரை தலைநகராக இருந்த ஃபுஜிவாரா நகரத்தில் குடியேறியதே 694-இல்தான். 16 ஆண்டுகளே ஆன நகரத்தை விட்டுவிட்டு, வடக்கே ஹெய்ஜோ என்ற புதிய நகரத்துக்கு 710-இன் மூன்றாம் மாதம் போனார்கள். இன்றைய நாரா நகரம் அது. சீனத்துச் சாங்கான் நகரத்தின் பாணியில் கட்டங்கட்டமாகத் தெருக்கள். நடு வீதியின் அகலம் மட்டும் சுமார் 74 மீட்டர்.

கென்மெய்யின் ஆணையைப் படித்தால் அவருக்கு இதில் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. இப்போதே வேண்டுமென்பதில்லை, ஆனால் எல்லோரும் சொல்கிறார்கள் என்ற தொனி. வற்புறுத்தியவர்களில் முக்கியமானவர் அதே 708-இல் "வலது அமைச்சர்" என்ற உயர்பதவிக்கு வந்த ஃபுஜிவாரா நோ ஃபுஹிட்டோ என்று பல வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். ஒபிட்டோவின் தாய்வழித் தாத்தா அவர். புது நகரத்தில் தன் பேரன் பேரரசனாக உட்கார வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

கட்டுமிடத்தில் பழைய கல்லறை மேடுகள் இருந்தன. தோண்டும்போது கல்லறை வெளிப்பட்டால் எலும்புகளை அப்படியே போடாமல் மீண்டும் புதைத்து, படையல் வைக்க வேண்டும் என்று 709-இல் ஆணை வந்தது. ஹெய்ஜோ அரண்மனை வளாகத்தில் நடந்த அகழாய்வும், ஒரு பெரிய கல்லறை மேட்டின் முன்பகுதி சமன் செய்யப்பட்டதைக் காட்டியது.

நகரத்தைக் கட்டியவர்கள் மாநிலங்களிலிருந்து கட்டாய உழைப்புக்கு வந்த விவசாயிகள். அவர்கள் நிலைமையை அரசு ஆணைகளே சொல்கின்றன. 711: வேலைக்கு வந்தவர்கள் களைத்து ஓடிவிடுகிறார்கள், தடுத்தும் நிற்கவில்லை, அரண்மனைச் சுவர் இன்னும் முடியவில்லை. 712-இன் முதல் மாதம்: ஊர் திரும்புகிறவர்கள் வழியில் உணவின்றிப் பள்ளங்களில் விழுந்து கிடக்கிறார்கள், அதிகாரிகள் உணவு கொடுங்கள், இறந்தவரைப் புதைத்து, பெயரை எழுதிச் சொந்த ஊருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

அடுத்த ஆண்டு, 713-இன் மூன்றாம் மாதம் வந்த ஆணையைத்தான் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். உழைக்க வருகிறவர்கள் பையில் காசு வைத்துக்கொண்டு நடக்கட்டும், வழியிலுள்ள வசதிபடைத்தவர்கள் சாலையோரம் அரிசி விற்கட்டும், அப்போது யாரும் நெல் மூட்டை சுமந்து நடக்க வேண்டியதில்லை என்கிறது அது. காசு அச்சடிக்கும் அதிகாரியும் தலைநகர் ஆணையும் ஒரே மாதத்தில் வந்ததன் பொருள் இங்கே தெளிவாகிறது. நகரம் கட்டக் கூலி வேண்டும். கூலி கொடுக்கக் காசு வேண்டும். அந்தக் காசை ஏற்றுக்கொள்ள வழியெல்லாம் கடை வேண்டும். சகாப்தப் பெயர் இந்தத் திட்டத்துக்கு ஒட்டிய விளம்பரப் பலகை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மேல்தட்டு வாழ்க்கைக்கும் சாட்சி இருக்கிறது. கென்மெய்யின் மருமகன் இளவரசர் நகாயாவின் மாளிகை இருந்த இடத்தில் 1980-களின் பிற்பகுதியில் அகழ்ந்தபோது, எழுத்துள்ள மரத்துண்டுகள் சுமார் 35,000 கிடைத்தன. நாய் வளர்ப்பவருக்கும், கொக்கு வளர்ப்பவருக்கும் கொடுத்த அரிசிக் கணக்கு அவற்றில் இருக்கிறது. பனிக்கட்டிக் கிடங்கைப் பற்றிய குறிப்பும் இருக்கிறது. பள்ளத்தில் விழுந்தவர்களின் அதே பத்தாண்டு.

பேச்சிலிருந்து எழுத்துக்கு

ஜப்பானின் பழம்புராண நூலான "கோஜிகி" 712-இல் கென்மெய்யிடம் சமர்ப்பிக்கப்பட்டது. அதன் முன்னுரை சொல்லும் கதை இது: டென்மு, ஹியேடா நோ அரே என்ற நினைவாற்றல் மிக்கவரை அரச மரபுகளை மனப்பாடம் செய்ய வைத்தார். டென்மு 686-இல் இறந்ததும் வேலை நின்றது. 711-இன் ஒன்பதாம் மாதம் கென்மெய் அதை எழுதச் சொன்னார். ஓ நோ யசுமாரோ நான்கே மாதத்தில் முடித்தார். அந்த யசுமாரோவின் கல்லறை 1979-இல் நாராவின் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெளிப்பட்டது. உள்ளே பெயர் பொறித்த தகடு. எந்த உலோகம் என்று ஊகிக்கலாம், செம்புதான்.

713-இல் எல்லா மாநிலங்களும் தங்கள் ஊர்ப்பெயர்களை நல்ல எழுத்துகளில் எழுதி, விளைபொருள், மண்வளம், மலை ஆறுகளின் பெயர்க்காரணம், முதியவர் சொல்லும் கதைகள் ஆகியவற்றைத் தொகுத்து அனுப்ப வேண்டும் என்று ஆணை போனது. "ஃபுடோகி" எனப்படும் அந்தத் தொகுப்புகளில் ஐந்து மாநிலங்களுடையவை ஓரளவு எஞ்சியிருக்கின்றன.

இடம் பிடித்து வைத்தவரா?

பழைய விளக்கம் எளிமையானது. பெண் பேரரசர்கள் எல்லோரும் இடைக்கால ஏற்பாடு. உரிய ஆண் வாரிசு வளர்ந்ததும் விலகிவிடுவார்கள். கென்மெய் விஷயத்தில் இது பாதி சரி. ஒபிட்டோவுக்காக அரியணையைக் காப்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று என்பதில் சந்தேகம் தேவையில்லை.

மீதிப் பாதி 715-இல் இடறுகிறது. ஒபிட்டோ 714-இலேயே பட்டத்து இளவரசர் ஆகிவிட்டார். 715-இல் அவருக்கு வயது சுமார் 14. அவருடைய தந்தை மொம்மு பேரரசர் ஆனதும் ஏறக்குறைய அதே வயதில்தான். இடம் பிடித்து வைப்பது மட்டும்தான் வேலை என்றால் அன்றே கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். கென்மெய் கொடுக்கவில்லை. இளவரசர் இன்னும் இளையவர் என்று சொல்லிவிட்டு, திருமணம் ஆகாத தன் மகள் ஹிடாகாவை அரியணையில் அமர்த்தினார். தனக்குக் களைப்பு வந்துவிட்டது, காலணியைக் கழற்றுவதுபோல் இந்தச் சுமையைக் கழற்றுகிறேன் என்கிறது அவருடைய ஆணை. ஹிடாகாதான் பேரரசி கென்ஷோ. 724 வரை ஆண்டார். அதன் பிறகே ஒபிட்டோ, ஷோமு என்ற பெயரில் பேரரசர் ஆனார்.

ஃபுஹிட்டோ போன்ற ஆண்கள்தான் திரைக்குப் பின்னால் ஆண்டார்கள் என்ற வாதமும் உண்டு. ஃபுஹிட்டோவின் செல்வாக்கு பெரியது, மறுப்பதற்கில்லை. ஆனால் வலிமையான அமைச்சர் இருந்தால் ஆண் பேரரசர்களை யாரும் இடைக்காலக் காவலர் என்று சொல்வதில்லையே. 721-இல் சாகும் தறுவாயிலும் கென்மெய் சொன்னது நிர்வாகம்தான்: பெரிய இறுதிச் சடங்கு வேண்டாம், எரித்துவிடுங்கள், அதிகாரிகள் வேலையை விட்டுவிட்டுச் சவ ஊர்வலத்தின் பின்னால் வர வேண்டாம்.

இன்றைய விவாதத்தில் கென்மெய்

இப்போது தொடக்கத்தில் இருந்த குழப்பத்துக்கு வரலாம். பெண்ணுக்குத் தடை பழங்கால வழக்கம் அல்ல. 1889-இன் அரசக் குடும்பச் சட்டத்தில் எழுதப்பட்டது, 1947-இன் சட்டத்திலும் தொடர்ந்தது. இப்போதைய பேரரசர் நருஹிட்டோவின் ஒரே பிள்ளை 2001-இல் பிறந்த இளவரசி ஐக்கோ. அவருக்கு உரிமை இல்லை. வாரிசு வரிசையில் இருப்பவர்கள் மூன்றே பேர்: பேரரசரின் தம்பி, தம்பியின் மகன், 1935-இல் பிறந்த சித்தப்பா.

கென்மெய்யை இரு தரப்பும் சாட்சிக்கு அழைக்கின்றன.

1. மாற்றம் கேட்பவர்கள் சொல்வது: தாயிடமிருந்து மகளுக்கு அரியணை போயிருக்கிறதே, அதற்கு மேல் என்ன முன்னுதாரணம் வேண்டும்?

2. மறுப்பவர்கள் சொல்வது: கென்ஷோவின் தந்தை குசகாபேயும் அரச குலத்து ஆண், ஒரு பேரரசரின் மகன். ஆகவே தந்தைவழி அறுபடவில்லை. எட்டுப் பெண்களுமே தந்தைவழியில் அரச குலத்தவர்.

இரண்டாவது வாதம் தகவல் அளவில் சரியானது. ஆனால் அது பெண் ஆள்வதற்கு எதிரான வாதம் அல்ல. பெண்ணின் பிள்ளைகள், தந்தை வெளியாளாக இருந்தால், ஆளலாமா என்ற கேள்விக்கான வாதம். செய்திகளில் இந்த இரண்டு கேள்விகளும் அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. 8-ஆம் நூற்றாண்டின் சட்டத் தொகுப்பில், பேரரசரின் சகோதரரும் பிள்ளைகளும் இளவரசர் தகுதி பெறுவர் என்ற விதிக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: "பெண் பேரரசரின் பிள்ளைகளும் அவ்வாறே." ஐந்தே சீன எழுத்துகள். 1947-இன் சட்டத்தில் முதல் பிரிவே வாரிசு பற்றியது. தந்தைவழியில் வந்த ஆண் மட்டும் என்கிறது அது.